ஃபுர்கா கணவாயில் கண்ட இளஞ்சிவப்பு மெத்தைச் செடி: ஒரே சிற்றினமா, இரண்டா?

கேள்வி – மலைவழி

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஜூலை மாதம் சுவிட்சர்லாந்தில் ஃபுர்கா கணவாய்க்கு மேலே, ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் நடந்துகொண்டிருந்தபோது, சரளைக்கற்களுக்கு நடுவே கவிழ்த்து வைத்த தட்டைப் போலத் தரையோடு ஒட்டிக் கிடந்த இரண்டு பச்சைத் திட்டுகளைக் கண்டேன். மூடுபனி அடர்ந்திருந்ததால், போகும்போது பாசி என்றே எண்ணிக் கடந்துவிட்டேன். திரும்பி வருகையில் வெளிச்சம் வந்திருந்தது. பாசியில் பூ ஏது என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு திட்டுகளிலும் விரல்நகத்தின் அகலமே உள்ள இளஞ்சிவப்புப் பூக்கள் நெருக்கமாக மலர்ந்திருந்தன.

மண்டியிட்டுக் கைலென்ஸ் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டவற்றைத் தருகிறேன். இலைகள் ஊசி போலக் குறுகியவை. ஒரு சென்டிமீட்டரை எட்டவில்லை. காம்பில்லாமல் இணை இணையாக எதிரெதிரே அமைந்திருந்தன. இலையின் ஓரத்தில், அடிப்பகுதியை ஒட்டி, மிக நுண்ணிய மயிர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு சிறுகிளையின் நுனியிலும் ஒரே ஒரு பூ. இதழ்கள் ஐந்து, ஒவ்வொன்றின் விளிம்பிலும் நடுவே ஒரு சிறு பிளவு. இதழ்களுக்கு வெளியே உறையாக அமையும் புல்லிவட்டம் ஒன்றாக இணைந்து, செந்நிறம் கலந்த மணியின் வடிவில் இருந்தது.

என்னைக் குழப்பிய செய்தி இனிமேல்தான் வருகிறது. முதல் திட்டில் நான் பார்த்த பத்துப் பன்னிரண்டு பூக்களிலும் வளைந்த வெண்ணிற இழைகள் மூன்று மட்டுமே வெளியே நீண்டிருந்தன; மகரந்தம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. இரண்டடி தள்ளியிருந்த அடுத்த திட்டின் பூக்களில் மகரந்தத்தாள்கள் நிறைந்திருந்தன. சிலவற்றில் ஐந்து, சிலவற்றில் பத்து. அந்த மூன்று இழைகளை அங்கே காணவில்லை. முதல் திட்டின் பூக்கள் அளவிலும் சற்றுச் சிறியவை. மற்றபடி இலை, நிறம், வடிவம் எதிலும் வேறுபாடு தெரியவில்லை.

இவை இரண்டு வெவ்வேறு சிற்றினங்களா? ஒன்றே என்றால் பூக்கள் ஏன் இப்படி மாறுபடுகின்றன? தாவரவியல் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி – புல்லிவட்டம்

நண்பருக்கு வணக்கம். இவ்வளவு கவனமாகக் குறித்து வந்திருப்பதால் அடையாளம் காண்பது எளிதாகிவிட்டது. நீங்கள் பார்த்தது சைலீன் அகாலிஸ். கார்னேஷன் பூவை உள்ளடக்கிய கேரியோஃபில்லேசி குடும்பத்தைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் இதை மாஸ் கேம்பியன் என்கிறார்கள். பாசி என்று நினைத்தது உங்கள் கண்ணின் பிழை இல்லை, பெயர் வைத்தவர்களுக்கும் அதே எண்ணம்தான் வந்திருக்கிறது.

இந்த உயரத்தில் மெத்தை போல வளரும் செடிகள் வேறு பலவும் இருப்பதால், அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருவதே நல்ல முறை. ஆல்ப்ஸில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் ஆண்ட்ரோசேஸ் ஆல்பினா தொலைவிலிருந்து ஏறத்தாழ இதே தோற்றம் தரும். ஆனால் அது பிரிமுலா குடும்பம். அல்லி இதழ்கள் அடியில் குழலாக இணைந்திருக்கும், மகரந்தத்தாள்கள் ஐந்துதான், அவையும் குழலுக்குள்ளேயே மறைந்திருக்கும், சூற்பையின் மேல் நீளும் சூல்தண்டு (நீங்கள் கண்ட வெண்ணிழைகள் அவைதான்) ஒன்றே ஒன்று. சாக்ஸிஃப்ரேகா ஆப்போசிட்டிஃபோலியா என்ற செடிக்கும் எதிரிலைகளும் பத்து மகரந்தத்தாள்களும் உண்டு. ஆயினும் அதன் இலை தடித்து அகன்றது, இலைநுனியில் சுண்ணத்தைக் கசியவிடும் ஒரு நுண்துளை இருக்கும், சூல்தண்டுகள் இரண்டு. உங்கள் செடியின் குடும்பத்தையே சேர்ந்த மினுவார்ஷியா செடாய்டஸ் பூக்காத காலத்தில் அனுபவசாலிகளையும் ஏமாற்றிவிடும். பூத்துவிட்டால் ஐயமில்லை, ஏனெனில் அதன் பூக்கள் பச்சை நிறம், பெரும்பாலும் இதழே இருக்காது, புல்லிகளும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும்.

இணைந்த புல்லிவட்டம், பிரிந்த ஐந்து இதழ்கள், மூன்று சூல்தண்டுகள் ஆகிய மூன்றும் ஒரே பூவில் சேர்ந்து வந்தால் சைலீன் பேரினத்தை நோக்கிச் செல்லலாம். அடுத்த முறை லென்ஸ் கையில் இருக்கும்போது இதழின் தொண்டைப்பகுதியைப் பாருங்கள். இதழின் தகடு வெளிப்புறமாக மடியும் இடத்தில் இரண்டு குட்டிச் செதில்கள் நிற்கும். சூற்பையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் சூல்கள் சுவரில் ஒட்டாமல் நடுவிலுள்ள ஒரு தூணைச் சுற்றி அமர்ந்திருப்பதைக் காணலாம். தனித்த மைய சூல்ஒட்டுமுறை என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போமே, அதுதான் இது.

உங்கள் கேள்விக்கு நேரான விடை: இரண்டும் ஒரே சிற்றினம். முதல் திட்டு பெண்செடி, இரண்டாவது ஆண்செடி.

மறுமொழி – சூல்தண்டு

புல்லிவட்டம் அவர்கள் தந்த அடையாளத்தில் எனக்கு முழு உடன்பாடு. கடைசி வாக்கியத்தின் பின்பாதியில் மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். இந்தச் செடியின் மிகச் சுவையான பகுதியே அங்கேதான் இருக்கிறது.

முதல் திட்டு பெண்செடி என்பதில் ஐயமில்லை. பத்துக்கு மேற்பட்ட பூக்களில் ஒன்றில்கூட மகரந்தம் இல்லை, பூக்களும் சிறியவை. பெண்பூக்கள் பெரும்பாலும், ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே உள்ள இருபால் பூக்களைவிடச் சிறியவையாகவே இருக்கும். ஆனால் இரண்டாவது திட்டை ஆண்செடி என்று உறுதியாகக் கூற, தரப்பட்ட குறிப்புகள் போதா. சைலீன் அகாலிஸின் இருபால் பூக்களில் மகரந்தத்தாள்கள் முதலில் முதிர்கின்றன. அதிலும் வெளிவட்டத்து ஐந்து முதலில் நீண்டு மகரந்தத்தை உதிர்க்கின்றன. அவற்றைத் தொடர்ந்து உள்வட்டத்து ஐந்து எழுகின்றன. அதுவரை சூல்தண்டுகள் குட்டையாக, புல்லிவட்டத்திற்குள்ளேயே மறைந்திருக்கும். மகரந்தம் தீர்ந்த பிறகே அவை நீண்டு வெளியே வந்து சுருளும். சில பூக்களில் ஐந்தும் சிலவற்றில் பத்தும் பார்த்ததாக மலைவழி எழுதியிருக்கிறார். அவர் கண்டது இந்த வரிசையின் இரு கட்டங்களாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. இதை ஆண்முன்முதிர்வு என்கிறோம். அதே திட்டை ஒரு வாரம் கழித்துப் பார்த்திருந்தால், வாடிய மகரந்தத்தாள்களுக்கு நடுவே அதே மூன்று வெண்ணிழைகள் தலைகாட்டியிருக்கக்கூடும்.

எனவே இங்கே உள்ள ஏற்பாடு, பப்பாளியில் நாம் காண்பது போல ஆண் ஒரு மரம், பெண் ஒரு மரம் என்ற எளிய பிரிவினை இல்லை. ஒரே சிற்றினத்தில் சில செடிகள் பெண்பூக்களை மட்டும் தாங்குகின்றன, மற்றவை இருபால் பூக்களைத் தாங்குகின்றன. சில இடங்களில் ஆணாகவே செயல்படும் செடிகளும் இவற்றோடு கலந்திருப்பது பதிவாகியுள்ளது. அதனால்தான் புல்லிவட்டம் அவர்களின் கூற்றை முற்றிலும் தவறு என்று நான் சொல்லவில்லை. உறுதி செய்ய வேண்டுமானால், அந்தத் திட்டின் மூத்த பூ ஒன்றில் சூல்தண்டு நீண்டிருக்கிறதா, பின்னர் காய் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மகரந்தத்தை இழந்த செடி எப்படி நிலைத்திருக்கிறது என்ற கேள்வி இயல்பாகவே எழும். சார்லஸ் டார்வின் 1877-இலேயே இத்தகைய தாவரங்களை ஆராய்ந்து, பெண்செடிகள் அதிக விதை தருவதால் அந்த இழப்பு ஈடாகிறது என்ற கருத்தை முன்வைத்தார். சைலீன் அகாலிஸிலும் பெண்செடிகள் இருபால் செடிகளைவிட மிகுதியாகக் காய்ப்பதைக் களத்தில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மகரந்தம் செய்யும் செலவு மிச்சமாகிறது. தன் மகரந்தமே இல்லாததால் தன்மகரந்தச் சேர்க்கையால் நலிந்த விதைகள் உண்டாகும் வாய்ப்பும் இல்லை. இந்தப் பேரினத்தில் மகரந்தத்தை முடக்கும் மரபணு, தாய்வழியாக மட்டும் கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. அதைத் தடுத்து மகரந்தத்தை மீட்கும் மரபணுக்கள் உட்கருவில் இருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியா விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்வதால், மகரந்தம் கெட்டாலும் அதற்கு நட்டமில்லை. உட்கருவுக்கோ மகரந்தமும் ஒரு வழி. அதை இழக்க அது இணங்குவதில்லை. நீங்கள் இரண்டடி இடைவெளியில் பார்த்த இரண்டு திட்டுகள், ஒரே செடியின் உயிரணுக்களுக்குள் நடக்கும் இந்த இழுபறியின் இரண்டு முடிவுகள் என்று சொல்லலாம்.

பெண்செடிக்கு மகரந்தம் வெளியிலிருந்து வந்தே தீர வேண்டும். பம்பிள்பீ எனப்படும் மயிரடர்ந்த பெருவண்டுத்தேனீக்கள், பட்டாம்பூச்சிகள், ஈக்கள் ஆகியவை அதைச் செய்கின்றன. திட்டு முழுவதும் ஒரே நேரத்தில் பூத்துக் குவிவதன் பயன் இங்கே விளங்கும்; குளிரில் பறக்கும் பூச்சிக்கு ஒரு முறை இறங்கினால் பல பூக்கள் கிடைக்கின்றன.

மலைவழி

இருவருக்கும் உளமார்ந்த நன்றி. சூல்தண்டு அவர்களின் விளக்கத்தைப் படித்த பிறகு எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாவது திட்டின் ஓரத்தில் வாடத் தொடங்கிய பூ ஒன்றில், சுருங்கிய மகரந்தத்தாள்களுக்கு நடுவே வெண்ணிற முனைகள் தெரிகின்றன, எண்ணினால் மூன்று. ஆகவே அது இருபால் செடிதான் என்று நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. திட்டை உள்ளங்கையால் மெல்ல அழுத்தியபோது பஞ்சு போல அமுங்கும் என்று எதிர்பார்த்தேன். மாறாகக் கெட்டியாகத் தாங்கியது. விரலால் இரண்டு சிறுகிளைகளை விலக்கியபோது உள்ளே பழுப்பு நிறத்தில் பழைய இலைகள் உதிராமல் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தன. ஏன் உதிரவில்லை? மேலும், அகாலிஸ் என்றால் தண்டற்றது என்று பொருளாம்; தண்டே இல்லாமல் இத்தனை கிளைகள் எப்படி வரும்?

மறுமொழி – ஆணிவேர்

பெயரிலிருந்து தொடங்குகிறேன். லின்னேயஸ் 1753-இல் இதைக் குக்குபாலஸ் அகாலிஸ் என்று வேறு பேரினத்தில் வைத்தார். ஜாக்கின் என்ற தாவரவியலாளர் பின்னர் சைலீனுக்கு மாற்றினார். தண்டற்றது என்பது தோற்றத்தை வைத்துச் சொன்ன சொல். உண்மையில் இந்தச் செடி முழுவதும் தண்டுதான். நடுவில் ஓர் ஆணிவேர் ஆழமாக இறங்குகிறது. அதன் தலைப்பகுதி கட்டைத்தன்மை அடைந்து கிளைக்கிறது. அந்தக் கிளைகள் மீண்டும் மீண்டும் பிரிகின்றன. இடைக்கணுக்கள், அதாவது இலைகள் தோன்றும் கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டுப்பகுதிகள், மிகவும் குறுகிப்போவதால் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கித் தண்டை மூடிவிடுகின்றன. எந்த நுனியும் மற்றதை முந்தி வளர்வதில்லை. எல்லாம் ஒரே வேகத்தில் வெளிநோக்கி நகர்வதால் மேற்பரப்பு வழுவழுப்பான வளைவாக அமைகிறது. நூற்றுக்கணக்கான நுனிகள் தோளோடு தோள் சேர்ந்து நின்று உங்கள் கையைத் தாங்கின. கெட்டியாக இருந்ததன் காரணம் அதுவே.

பழைய இலைகளைப் பற்றி நீங்கள் கேட்டது மிக நல்ல கேள்வி. உயர்மலைச் சரளையில் மண் என்று சொல்லத்தக்கது அரிது. உதிர்ந்த இலையைக் காற்று எங்கோ கொண்டுபோய்விடும். இந்தச் செடி காய்ந்த இலைகளைக் கிளையிலேயே வைத்துக்கொள்வதால் அவை திட்டுக்குள்ளேயே மக்குகின்றன. காற்று கொண்டுவரும் மணலும் தூசியும் அவற்றோடு சேர்ந்து படிகின்றன. காலப்போக்கில் செடி தனக்கான மண்ணைத் தன் உடலுக்குள்ளேயே சேர்த்துவிடுகிறது. அந்த மக்கிய பொருள், மழைநீரையும் உருகும் பனிநீரையும் பிடித்து வைக்கிறது. ஒரு திட்டை ஓரமாக வெட்டிப் பார்த்தால் மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டுமே பச்சை, அதற்குக் கீழே எல்லாம் இந்தப் பழுப்புச் சேமிப்பு. தயவுசெய்து யாரும் வெட்டிப் பார்க்க வேண்டாம்; ஆணிவேர் அறுந்தால் செடி பிழைப்பது அரிது, பெயர்த்து நட்டாலும் பெரும்பாலும் பட்டுப்போகும்.

குட்டையான, வழுவழுப்பான வளைவின் மேல் காற்று வேகமாக உரசிச் சென்றாலும், இலைகளுக்கு இடையே அது புகுவதில்லை. அதனால் பகலில் வாங்கிய சூரிய வெப்பம் உள்ளேயே தங்குகிறது. வெயில் நன்றாக அடிக்கும் நாளில் திட்டின் வெப்பநிலை சுற்றியுள்ள காற்றைவிட 10 டிகிரி செல்சியசுக்கும் மேலாக உயர்ந்துவிடுவது உண்டு. ஆளுயரத்தில் வைத்த வெப்பமானியை வைத்து இந்தச் செடியின் வாழ்வைக் கணிக்கக்கூடாது என்பதை உயர்மலைத் தாவரங்களைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு நான் எப்போதும் வலியுறுத்துவேன்; அதன் காலநிலை தரையிலிருந்து நான்கு விரற்கடைக்குள் அடங்கிவிடுகிறது. வடக்கு அரைக்கோளத்தில் தெற்கு நோக்கிய பக்கம் முதலில் சூடேறுவதால் அந்தப் பக்கத்துப் பூக்கள் முன்னதாக மலர்கின்றன; இதனால் இதற்குத் திசைகாட்டிச் செடி என்ற பெயரும் வழங்குகிறது.

இந்த வடிவம் இந்தச் செடிக்கு மட்டும் உரியதன்று. ஆண்டிஸ் மலைகளில் கொத்துமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த அசொரெல்லா, நியூசிலாந்தில் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ரவூலியா, இமயமலையில் சைலீனின் குடும்பத்தையே சேர்ந்த தைலகோஸ்பெர்மம் செஸ்பிடோசம் ஆகியவை தனித்தனியே இதே மெத்தை வடிவத்தை அடைந்திருக்கின்றன. உறவில்லாத குடும்பங்கள் ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போது, குளிரும் காற்றும் எவ்வளவு வலிமையாக உருவத்தைத் தீர்மானிக்கின்றன என்பது புலப்படும்.

சைலீன் அகாலிஸின் திட்டில் பிற தாவரங்களும் குடியேறுகின்றன. வெறும் சரளையில் முளைக்க முடியாத புல்லோ பிஸ்டார்ட்டா விவிபாரா என்ற சிறு செடியோ அதன் ஈரமான மக்கில் வேர்விட்டு நிற்பதைப் பல மலைகளில் காணலாம். உங்கள் படங்களில் திட்டுக்கு நடுவே வேறு இலை தெரிகிறதா என்று பாருங்கள்.

வயதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்தச் செடி மிக மிக மெதுவாக வளர்கிறது. அலாஸ்காவின் ராங்கல் மலைகளில் வில்லியம் மோரிஸ், டேனியல் டோக் ஆகிய இருவரும் தனித்தனிச் செடிகளுக்குக் குறியிட்டு, ஆண்டுதோறும் அளந்து, 1998-இல் வெளியிட்ட கணக்கின்படி, பெரிய திட்டுகள் 300 ஆண்டுகளையும் தாண்டியவையாக இருக்கக்கூடும். அதே இருவர் நியூ மெக்சிகோ முதல் ஆர்க்டிக் அலாஸ்கா வரை இதன் பரப்பை ஒப்பிட்டு 2010-இல் இன்னொரு செய்தியைக் காட்டினார்கள். தெற்கு எல்லையில் செடிகள் பிழைத்திருப்பதும் புதிய நாற்றுகள் தோன்றுவதும் குறைவு. ஆனால் உயிரோடு இருப்பவை அங்கே விரைவாக வளர்வதால் அந்தக் குறை ஓரளவு நிரவப்பட்டிருந்தது. மிக வெப்பமான ஆண்டுகளில் இந்த ஈடுசெய்தலும் தளர்ந்துவிடுகிறது. ஆகவே ஒரு மலையில் இந்தச் செடி நிறைய இருக்கிறது என்பதாலேயே அது நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. முதிய திட்டுகள் நீண்ட காலம் நின்றுகொண்டிருக்கும்; நாற்றுகள் வருகின்றனவா என்பதைத்தான் குனிந்து தேட வேண்டும்.

மறுமொழி – புல்லிவட்டம்

சூல்தண்டு அவர்களின் திருத்தத்தை நன்றியோடு ஏற்கிறேன். ஐந்தும் பத்தும் என்ற குறிப்பை நான் கவனிக்காமல் கடந்துவிட்டேன். விடை அந்த எண்களிலேயே இருந்திருக்கிறது.

ஒரு செய்தி மீதம் இருக்கிறது. ஆல்ப்ஸில் இந்தச் சிற்றினத்திற்குள் இரண்டு வடிவங்களைப் பிரிப்பதுண்டு. சுண்ணாம்புப் பாறையில் வளர்வது சற்றுத் தளர்வான திட்டாக, நீண்ட பூக்காம்பும் பெரிய பூவும் கொண்டிருக்கும்; அதன் வெடிகனி முதிரும்போது புல்லிவட்டத்தைத் தாண்டி நன்றாக வெளியே நீளும். சிலிக்கேட் பாறையில் வளர்வது மிக இறுக்கமான திட்டு. பூக்காம்பு குறுகியது, பூ இலைகளின் மேலேயே உட்கார்ந்திருப்பது போலத் தெரியும், கனியும் புல்லிவட்டத்தின் அளவை ஒட்டியே நின்றுவிடும். பின்னதைச் சைலீன் எக்ஸ்கேபா என்று தனிச் சிற்றினமாகவே சிலர் கொள்கிறார்கள். துணைச்சிற்றினமாக வைப்பவர்களும் உண்டு. இடைப்பட்ட வடிவங்களும் இருப்பதால் நான் இரண்டாம் கட்சி. ஃபுர்கா பகுதி பெரும்பாலும் கிரானைட், நைஸ் ஆகிய சிலிக்கேட் பாறைகள் என்பதால் உங்களுடையது பின்னதாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். பக்கவாட்டில் எடுத்த படம் இருந்தால் பூக்காம்பின் நீளத்தைச் சொல்லுங்கள்.

மலைவழி

பக்கவாட்டுப் படம் ஒன்றுதான் இருக்கிறது. நல்லவேளையாக அளவுகோலை அருகில் வைத்து எடுத்திருந்தேன். புல்லிவட்டத்தின் அடிப்பகுதி மேலிலைகளுக்கு இடையே புதைந்திருக்கிறது. காம்பு என்று தெரிவது இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர்தான். சுற்றியிருந்த கற்கள் வெளிர்சாம்பல் நிறத்தில், மின்னும் அபிரகத் துகள்களோடு இருந்தன. எனவே சிலிக்கேட் வடிவம் என்றே குறித்துக்கொள்கிறேன். கனி இல்லாததால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். மீண்டும் அங்கே செல்ல வாய்த்தால் ஆகஸ்ட் இறுதியில் சென்று, பெண் திட்டின் கனிகளைப் பார்த்து இங்கேயே எழுதுகிறேன்.

ஆணிவேர் அவர்கள் சொன்னபடி படங்களில் தேடினேன். முதல் திட்டின் மேற்கு ஓரத்தில் மெல்லிய புல் ஒன்று பூக்களுக்கு இடையே நிமிர்ந்து நிற்கிறது. நேரில் நின்றபோது அது என் கண்ணில் படவே இல்லை.